தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை

ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை காலை பத்தே கால் பஸ் வரவில்லை.

புளியமரத்தடியில் ஏழு பேர் நின்றார்கள். பதினொன்றரைக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். அய்யம்பெருமாளும் அவர் மனைவி குஞ்சம்மாளும். அவர்கள் ஜெயங்கொண்டம் போய், பஸ் மாறி, அணைக்கரைப் பாலம் தாண்டி, கும்பகோணத்தில் இன்னொரு பஸ் மாறித் தஞ்சாவூர் போக வேண்டும். மாதம் ஒரு வெள்ளி இந்தப் பயணம். தோல் டாக்டரம்மா மாலை நான்கு மணிக்கு மேல்தான் பார்ப்பார்.

சைக்கிளில் போன ஒருவர் நிற்காமல் சொன்னார். டிரைவருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக வருகிறவருக்கும் காய்ச்சல்.

காற்று செம்மண்ணைத் தூக்கி ரோட்டின் குறுக்கே கொண்டுபோனது. ரோட்டில் வேறு எதுவும் போகவில்லை.

"வா மாமா, போவலாம். பஸ்ஸுக்கே காச்சல் வந்துட்டு" என்றாள் குஞ்சம்மாள்.

அது 2006. காய்ச்சல் முதலில் பேப்பரில் வந்தது. பிறகு ஜெயங்கொண்டத்துக்கு வந்தது. ஆடி பிறந்தபோது உடையார்பாளையத்துக்குக் கிழக்கே முந்திரிக் காட்டு ஓரத்தில் இருந்த இந்தத் தெருவுக்கும் வந்துவிட்டது. காய்ச்சல் மூன்று நாள். மூட்டு வலி எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியவில்லை. நிமிர்ந்து நடந்தவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தரையில் எதையோ தேடுகிறவர்கள் போல நடந்தார்கள். கோழிக்கறியால் வருகிறது என்று சிலர் கறியை விட்டார்கள். கறியே தின்னாத பூசாரியும் படுத்தார்.

முந்திரி வேலை நின்றுபோனது. அய்யம்பெருமாள் வியாபாரி இறக்கும் கொட்டையைச் சட்டியில் வறுத்துக் கொடுப்பவர். வறுத்த கொட்டையைத் தெருப் பெண்கள் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து, விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, கட்டையால் தட்டி உடைப்பார்கள். விரல் மடங்காவிட்டால் பருப்பு முழுதாக வராது. கொட்டகையில் கட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. புகை இல்லாத தெரு யாருக்கும் பழக்கமில்லை. மயில்கள் வாசல் வரை வந்து நின்றன. விரட்ட ஆளில்லை.

குஞ்சம்மாள் கொட்டகையில் உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. முதலில் கையில் ஒரு கொப்புளம். கொட்டை எண்ணெய் பட்டிருக்கும் என்றார்கள். எண்ணெய் பட்டுத் தோல் உரிவது தெருவில் எல்லோருக்கும் உள்ளதுதான். பிறகு வாய்க்குள் வந்தது. வாய்க்குள் எண்ணெய் எப்படிப் படும் என்று அய்யம்பெருமாள்தான் முதலில் கேட்டார். முதுகு முழுக்க நீர்க் கொப்புளம் வந்தது. உடைந்த இடம் மூடவில்லை. துணி ஒட்டிக்கொள்கிறது என்று வாழை இலையில் படுக்க வைத்தார்கள்.

தஞ்சாவூர் டாக்டரம்மா நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். பெயர் நினைவில் நிற்கவில்லை. உடம்பு தன் தோலையே வேற்றாள் என்று நினைத்து அடிக்கிறது என்று சொன்னது நின்றது. ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, காலையில், வயிற்றில் ஏதாவது போட்ட பிறகு. எட்டு மாதத்தில் தோல் மூடியது. ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா அதையே சொல்லி அனுப்புவார். சோற்றை மறந்தாலும் இதை மறக்காதே. நீயாக நிறுத்தினால் தோல் மட்டும் இல்லை, ஆளே விழுந்துவிடுவாய்.

பஸ் வராத அன்று கையில் நான்கு நாள் மாத்திரை இருந்தது. குஞ்சம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அய்யம்பெருமாள் உடையார்பாளையத்துக்கு நடந்தார். அங்கே மெடிக்கல் வைத்திருந்த அண்ணாதுரை பழைய சீட்டைப் பார்த்துப் பத்து மாத்திரை உள்ள அட்டை ஒன்று கொடுத்தார். கடை முன்னால் கூட்டம்.

"எல்லாரும் குனிஞ்சுகிட்டே வர்றாங்க பெருமாளு. கும்புடுறாங்கன்னு நெனச்சு நானும் ரெண்டு நாளு பதிலுக்குக் கும்புட்டேன்" என்றார் அண்ணாதுரை.

அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முந்திரிக் காட்டு வழியாகத் திரும்பினார். கிளைகள் தரையைத் தொட்டுக் கிடந்தன. காற்று மேலே மட்டும் அடித்தது. கீழே சருகு அசையவில்லை. மத்தியானமா சாயங்காலமா என்று சொல்ல முடியாத வெளிச்சம். ஒரு மரத்தடியில் ஆடு மேய்க்கிறவர் துண்டை விரித்துப் படுத்திருந்தார். ஆடுகளும் அவரைச் சுற்றிப் படுத்திருந்தன. அய்யம்பெருமாள் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் கையை மட்டும் தூக்கிக் காட்டினார். காய்ச்சல்தான்.

வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

மகள் சண்முகப்பிரியாவுக்குப் பதினேழு வயது. அந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். முந்தின நாளிலிருந்து அவளுக்குக் காய்ச்சல். இப்போது முகத்திலும் கழுத்திலும் சிவப்பாகப் பொரிந்திருந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் அய்யம்பெருமாளின் அக்கா கிருஷ்ணம்மாள் வந்து பார்த்து முடிவு செய்துவிட்டாள்.

"ஆடி வெள்ளியா பாத்து வந்திருக்கா. செருப்ப அங்கயே கழட்டுடா."

அம்மை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தத் தெருவில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் தாளிக்கக் கூடாது. எண்ணெய் காயக் கூடாது. வெளியூர் போகக் கூடாது. ஊசி, மாத்திரை கூடாது. ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் இது உண்டு. முத்து இறங்கி, வேப்பிலை போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றும் வரை மருந்து வாசனை வீட்டுக்குள் வந்தால் ஆத்தாவுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் அவள் இறங்கியிருக்கும் உடம்பில்தான் காட்டுவாள்.

சண்முகப்பிரியா பாயில் படுத்தபடியே இது சிக்குன்குனியா என்றாள். சிவப்பாக வரும், மூன்று நாளில் போய்விடும் என்று பேப்பரில் போட்டிருக்கிறதாம்.

"பேப்பர்காரன் வூட்டுக்குப் போனா அவன் அப்பிடிக் கூப்புடட்டும்" என்றாள் கிருஷ்ணம்மாள். "நம்ம வூட்டுல ஆத்தாதான்."

குஞ்சம்மாள் மாடத்திலிருந்த பவுடர் டப்பாவை எடுத்தாள். அதில்தான் அவள் மாத்திரைகள் இருந்தன. மஞ்சள் துணியில் சுற்றி நாத்தனாரிடம் கொடுத்தாள். கிருஷ்ணம்மாள் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அய்யம்பெருமாள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கொட்டகைக்குப் போய், அடுக்கியிருந்த சாக்குகளுக்கு நடுவே அட்டையை வைத்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காலை அவள் மாத்திரை போடவில்லை. கொல்லையில் முருங்கை மரத்தடியில் அவர் பேச்செடுத்தார்.

"ஒனக்கு வந்த நோவு வேற. இது வேற. ஆத்தாவுக்கு அது தெரியாதா?"

"எனக்கு எப்பிடித் தெரியும், அவளுக்குத் தெரியுமா தெரியாதான்னு."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"டாக்டரம்மா பொண்ணுக்கா முத்து போட்டிருக்கு?"

"நீ வுழுந்துட்டீன்னா?"

"வுழுந்தா தூக்கு. எம் பொண்ணு மொகத்துல ஒரு வடு வுழுந்தா அத யாரு தூக்குறது?" அவள் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே பேசினாள். "எங் கையில புண்ணு இருந்தப்ப ஒங்க சனம் ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிச்சா? கொட்டாயில பக்கத்துல ஒக்காந்தவ மனைய எடுத்துக்கிட்டு நவுந்து போனா. அது எனக்கு ஆச்சு. அவளுக்கு ஆவக் கூடாது."

அவர் அக்காவும் அந்தச் சொம்பை வாங்காதவர்களில் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை அவள் சுவரைப் பிடித்து நடந்தாள். திங்கட்கிழமை அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். வீடு சாய்கிறது என்றாள். குடித்த இளநீர் வெளியே வந்தது. கன்னத்தின் உள்பக்கம் ஒரு கொப்புளம் கிளம்பியிருப்பதை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். அவரிடம் சொல்லவில்லை. வாயை ஒரு பக்கமாக வைத்து அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டார்.

அவர் மறுபடி முந்திரிக் காட்டில் நடந்தார். அதே வெளிச்சம். ஆடு மேய்க்கிறவரைக் காணோம். அவர் படுத்த இடத்தில் சருகு அழுந்திக் கிடந்தது. எவ்வளவு நடந்தும் ரோடு வரவில்லை போல இருந்தது. ரோடு வந்தபோது அதில் யாரும் இல்லை.

டாக்டரம்மாவின் போன் நம்பர் சீட்டின் பின்பக்கம் இருந்தது. அண்ணாதுரை கடை போனிலிருந்து அடித்தார். மூன்றாவது தடவை கிடைத்தது. டாக்டரம்மா சொல்லச் சொல்ல அண்ணாதுரை அதைத் திருப்பிச் சொன்னார். கடை முன்னால் நின்ற காய்ச்சல்காரர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

நிறுத்தி மூன்று நாள் என்றதும் டாக்டரம்மா திட்டியிருக்க வேண்டும். அண்ணாதுரை அதை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை. இன்றே, இப்போதே பழைய அளவைக் கொடுக்க வேண்டும். கொடுத்தும் வாந்தி நிற்காவிட்டால் காத்திருக்காமல் கிட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய், இன்ன மாத்திரை தின்கிற ஆள் என்று அட்டையைக் காட்ட வேண்டும். வலிக்கு என்று பேர் தெரியாத ஊசி யாரிடமும் போடக் கூடாது. புண்ணில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசக் கூடாது. பகலிலும் வலைக்குள் படுக்க வேண்டும், இந்தக் கொசு பகலில் கடிப்பது. இப்போது தஞ்சாவூருக்குக் கூட்டி வர வேண்டாம், வராந்தா முழுக்கக் காய்ச்சல். இந்தக் காய்ச்சல் அவளுக்கே வந்துவிட்டால் மாத்திரையை நிறுத்துவது இல்லை, ஒன்று இரண்டாக வேண்டும். காய்ச்சலுக்குச் செலவழிக்க அவள் உடம்பில் சரக்கு கிடையாது.

அய்யம்பெருமாள் போனை வாங்கினார்.

"அது திங்க மாட்டேங்குதும்மா. வூட்டுல ஆத்தா வந்திருக்கு."



"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்னு சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை உள்ள போவணும்."

அவர் வீட்டுக்குள் போகவில்லை. கொட்டகைக்குப் போனார். கொட்டை உடைக்கும் கல்லைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். ஒரு மாத்திரையை வைத்துக் கட்டையால் மெல்லத் தட்டினார். கொட்டை என்றால் இந்த அடியில் ஓடு பிளந்து பருப்பு நிற்கும். மாத்திரை மாவாகிவிட்டது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கசந்தது.

பச்சரிசிக் கஞ்சியை அவரே காய்ச்சினார். கிருஷ்ணம்மாள் வாசல்படியில் நின்று பார்த்தாள்.

"ஆம்பள கஞ்சி காய்ச்சுனா ஆத்தா சிரிச்சுகிட்டே எறங்கிப் போயிருவா."

"போவட்டும்" என்றார்.

கிண்ணத்தைக் குஞ்சம்மாளிடம் கொடுத்தபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கசக்குது."

"வேப்பங்கொழுந்து அரைச்சு ஊத்துனேன்."

அந்த வீட்டில் அப்போது எல்லாமே வேம்பாக இருந்தது. பாயில் வேப்பிலை, தண்ணீரில் வேப்பிலை, விசிறியும் வேப்பிலை. அவள் மீதியைக் குடித்தாள். குடித்தது உள்ளே நின்றது.

செவ்வாய்க்கிழமை காலையிலும் கொடுத்தார். புதன்கிழமை அவள் சுவரைப் பிடிக்காமல் கொல்லை வரை போய் வந்தாள். ஆத்தா மனம் குளிர்ந்துவிட்டாள் என்றாள் கிருஷ்ணம்மாள். தெருவில் அன்று கூழ் ஊற்றினார்கள். குடிக்க வந்தவர்கள் பத்துப் பேர். அண்டாவைத் தூக்க ஆள் போதாமல் அது கோவில் வாசலிலேயே மாலை வரை இருந்தது.

ஒவ்வொரு நாளும் கொட்டகையிலிருந்து வந்ததும் அவர் முதலில் மகள் முகத்தைத்தான் பார்ப்பார். தூங்குகிற முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, நெற்றி, கன்னம், தாடை என்று பார்ப்பார். சிவப்பு மங்கிக்கொண்டு வந்தது. ஒரு நாள் அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"என்ன தேடுறப்பா?"

"ஒண்ணுமில்ல."

"அணைக்கர தண்ணி வூட்டுக்குள்ள வந்த மாரி இருந்துச்சு. பாயி மெதந்துச்சு. நீ கரையில நின்னு கட்டையால தட்டிக்கிட்டே இருந்த." அவள் குரலைத் தாழ்த்தினாள். "தெனம் காலையில கொட்டாயில தட்டுறது கேக்குது. கொட்டையே இல்லாம என்னத்தப்பா ஒடைக்கிற?"

அவர் அவள் போர்வையை இழுத்துவிட்டார்.

"எனக்கும் ஒண்ணு ஒடைச்சுப் போடு. காச்சல் மாத்திர. கை காலெல்லாம் கழண்டு போவுது. அத்தைக்கிட்ட சொல்ல மாட்டேன்."

அவர் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தார். காய்ச்சல் மாத்திரை அண்ணாதுரை கடையில் எட்டணா. ஆனால் ஆத்தா இறங்கியிருப்பது அந்த உடம்பில். மனைவிக்குச் செய்ததை மகளுக்குச் செய்ய அவருக்குத் துணிவு வரவில்லை. திரும்பி வந்து அவள் முழங்காலைப் பிடித்துவிட்டார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவருக்கே வந்தது. காய்ச்சல் லேசுதான். விரல்கள் போயின. காலையில் எழுந்தபோது பத்து விரல்களும் வேறு யாருடையவையோ போல விறைத்து நின்றன. அட்டையிலிருந்து மாத்திரையை அழுத்தி எடுக்க முடியவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தார். கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, முழங்கையின் பாரத்தைக் கொடுத்து நசுக்கினார்.

கிருஷ்ணம்மாள் ஞாயிற்றுக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று நாள் குறித்தாள். இரண்டு குடம் வெயிலில் வைத்தால் போதும், ஆத்தா சுலபமாக இறங்கிவிட்டாள், குஞ்சம்மாள் கட்டுப்பாடாக இருந்ததுதான் காரணம் என்று தெருவில் நான்கு பேரிடம் சொன்னாள். அதை அவள் சொன்னபோது குஞ்சம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சண்முகப்பிரியாவின் மூக்கு நுனி கறுத்திருந்தது.

அரை விரல் அகலம். கரி தொட்டு வைத்தது போல. அவள் கண்ணாடியைப் பார்த்து எச்சில் தொட்டுத் துடைத்தாள். ஈரத் துணியால் துடைத்தாள். பிறகு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். கிருஷ்ணம்மாள் வெளிச்சத்துக்குக் கூட்டிப் போய்ப் பார்த்தாள். வீட்டுக்குள் எதையோ மோப்பம் பிடிப்பவள் போலத் திரும்பினாள்.

"என்ன தப்பு நடந்துச்சு இந்த வூட்டுல?" என்று கேட்டாள். "தாளிச்சீங்களா? எவனாவது தூரம் போயிட்டு வந்து நெழல் பட்டுச்சா?"

அய்யம்பெருமாள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சம்மாள் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெகு நேரம் பார்த்தாள். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பழைய கொப்புளம் இருந்த இடமெல்லாம் அதே கறுப்பு.

அன்று முழுக்க அவர் கொட்டகையில் இருந்தார். காலையில் நசுக்கிக் கொடுத்தது கொடுத்ததுதான். நாளைக்கு வேண்டாம் என்று ஒரு முறை நினைத்தார். சாக்குக்குள் கை விட்டு அட்டையை எடுத்து, ரோட்டோரப் பள்ளத்தில் வீசிவிடலாம் என்று எழுந்து, பத்து அடி நடந்து, திரும்பி வந்தார். வெயில் கீற்று வழியாகச் சின்னச் சின்ன வட்டங்களாக விழுந்து, கவிழ்ந்த கட்டைகளின் மேல் நகர்ந்துபோயிற்று. அவருக்கும் காய்ச்சல் இருந்தது. வட்டங்கள் மாத்திரைகளாகத் தெரிந்தன. அவற்றை அவர் எடுக்கப் போனார்.

சனிக்கிழமை விடிந்தபோது குஞ்சம்மாளின் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வலைக்குள் சுருண்டு கிடந்தாள். பல் கிட்டியது. முழங்கால் நிமிரவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்றாள். கழுத்தோரம் சிவப்பு தொடங்கியிருந்தது.

"அடுத்தது இவ" என்றாள் கிருஷ்ணம்மாள். "இனிமே இவளுக்கு முதல்லேருந்து எண்ணணும். நாளைக்கித் தண்ணி ஊத்துறது இல்ல." அவள் வலைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேப்பிலையால் விசிறத் தொடங்கினாள். நகர்கிற மாதிரி தெரியவில்லை.

இப்போது ஆத்தா இறங்கியிருப்பது குஞ்சம்மாள் உடம்பிலேயே. மருந்து நேராக ஆத்தா மேல் போய் விழும். ஒன்று இரண்டாக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் இந்த நாளுக்குத்தான்.

அய்யம்பெருமாள் கொட்டகைக்குப் போனார். கல்லைக் கழுவினார். பல்லால் ஒரு மாத்திரையை எடுத்தார். நின்றார். சண்முகப்பிரியா அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கை முந்தானையால் மறைத்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலை விட்டுப் போகவில்லை. தலையை மட்டும் ஒரு முறை அசைத்தாள்.

அவர் இரண்டாவது மாத்திரையையும் எடுத்தார்.

கஞ்சியில் வெல்லம் தட்டிப் போட்டார். கிண்ணத்தைப் பிடிக்க விரல் வளையவில்லை. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் ஏந்திக்கொண்டு வந்து வலையைத் தோளால் தூக்கி உள்ளே உட்கார்ந்தார். அக்கா விசிறிக்கொண்டே இருந்தாள். குஞ்சம்மாள் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். தொண்டை ஏறி இறங்கியது. வாந்தி வருமோ என்று அவர் பயந்தார். வரவில்லை. இன்னொரு வாய் குடித்தாள். கிண்ணத்தைச் சாய்த்து, அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

"முழுசாக் குடிச்சிட்டாளே. ஆத்தா கேட்டு வாங்கிக் குடிக்கிறா" என்றாள் கிருஷ்ணம்மாள். வேப்பிலை வாடிவிட்டது என்று புதுக் கொத்து ஒடிக்க எழுந்து போனாள்.

அவள் செருப்பில்லாத காலடி வாசல் தாண்டும் வரை குஞ்சம்மாள் காத்திருந்தாள். பிறகு அவர் விறைத்த விரல்களை எடுத்துத் தன் சூடான கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கி ரெண்டு போட்டிருக்க. பிரியா மூக்கப் பாத்ததுக்குப் பொறவும் போட்டிருக்க. ஆத்தா கேட்டா, குடுத்த ஒன்னயக் கேப்பாளா மாமா, மொத நாள்லேருந்து தெரிஞ்சே குடிச்ச என்னயக் கேப்பாளா?"